ஐந்து பேருக்கான கார்: ஹூண்டாய் ஐ20 பற்றி விரிவாக

மோட்டார் வாகனங்களைப் பற்றி நம்மிடையே எழுதப்படும் மதிப்புரைகளின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அவற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விடியற்காலையில், வெறிச்சோடிக் கிடக்கும் சாலையில், தாம் ஒருவராகவே அமர்ந்து வண்டியை ஓட்டிப் பார்த்து, நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை வினாடியில் எட்டியது என்பதைப் பிரமாதமாக வர்ணித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் காரை உண்மையில் வாங்கப் போகிற குடும்பஸ்தரோ, முன்னிருக்கையில் தம் தகப்பனாரையும், பின்னிருக்கையில் தாயாரையும் மனைவியையும் அவர்களுக்கு நடுவே ஒரு குழந்தையையும் உட்கார வைத்துக்கொண்டு, டிக்கி மூட மறுக்கிற அளவுக்குப் பெட்டிகளை அடுக்கி, சித்திரை வெயிலில் ஏ.சி.யை முழு மூச்சில் ஓடவிட்டபடி, திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ புறப்படுகிறவர். இந்த இருவரும் ஓட்டுவது ஒரே கார்தான் என்று சொல்வது ஆவணப்படி சரியாக இருக்கலாம். அனுபவத்தின்படி அவை இரண்டு வெவ்வேறு கார்கள்.

கணக்கைச் சற்றுப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 65 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து பெரியவர்களுக்கு 325 கிலோ. மூட்டை முடிச்சுகளுக்கு ஒரு 40 கிலோவைச் சேர்த்தால் 365 கிலோ. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள இந்த ஜாதி வண்டிக்கு அது தன் சொந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பாரம். அந்தப் பாரத்தை ஏற்றிய பிறகு இன்ஜின் எப்படி இழுக்கிறது, வளைவில் வண்டி எப்படித் திரும்புகிறது, பிரேக் எப்படிப் பிடிக்கிறது, பின்னிருக்கையின் நடுவில் இருப்பவர் எந்த முகபாவத்தோடு இறங்குகிறார் என்பவைதாம் ஒரு குடும்பக் காரின் குணதோஷங்களை நிர்ணயிக்க வேண்டியவை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, நம் ஊர்ச் சாலைகளில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படுகிற ஹூண்டாய் ஐ20 என்ற ஹேட்ச்பேக்கைச் சாவகாசமாக ஆராய்வது என்று தீர்மானித்தேன்.

நாலு மீட்டருக்குள் ஒரு சரித்திரம்

இந்தக் காருக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் அயலார் சம்பந்தமன்று. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கும் தொழிற்சாலையில் பிறக்கிற வண்டி இது. 1998-இல் சாண்ட்ரோவோடு தன் வியாபாரத்தை இந்தியாவில் ஆரம்பித்த அந்த நிறுவனம், 2008-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் ஐ20-ஐ இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த முதல் தலைமுறைக் கார்கள் இங்கிருந்தே கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போயின. 2014-இல் எலைட் என்ற அடைமொழியோடு இரண்டாம் தலைமுறையும், 2020 நவம்பரில் இப்போதைய மூன்றாம் தலைமுறையும் வந்தன. 2023 செப்டம்பரில் அதன் முகத்துக்குச் சில திருத்தங்கள் செய்தார்கள்.

மூன்று தலைமுறைகளையும் அருகருகே நிறுத்தி அளந்தால் ஒரு விசித்திரம் புலப்படும். அகலம் 1,710 மில்லிமீட்டரிலிருந்து 1,734-க்கும், அங்கிருந்து 1,775-க்கும் தாராளமாக வளர்ந்திருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி 2,525-இலிருந்து 2,580 வரை நீண்டிருக்கிறது. ஆனால் மொத்த நீளம் மட்டும் 3,940, 3,985, 3,995 என்று 4,000-த்தின் வாசற்படியில் வந்து கால் வைக்காமல் நின்றுவிடுகிறது. இதே மூன்றாம் தலைமுறைக் கார் ஐரோப்பாவில் 4,040 மில்லிமீட்டர் நீளம்.

இந்த 45 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குக் காரணம் பொறியியல் அன்று, வரி. 2006-ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், நாலு மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலானால் 1,200 சி.சி.க்கும் டீசலானால் 1,500 சி.சி.க்கும் மேற்படாத இன்ஜினும் உடைய சிறு கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். அன்று போட்ட அந்தக் கோடு, உற்பத்தி வரி மறைந்து ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்கு இப்புறம் உள்ள கார்களுக்கு 18 சதவீதம், அப்புறம் உள்ளவற்றுக்கு 40 சதவீதம் என்று இன்னும் அழுத்தமாகவே பதிந்திருக்கிறது. ஆகவே நம் நாட்டில் ஒரு குடும்ப ஹேட்ச்பேக்கை வடிவமைக்கிற நிபுணரின் தோளருகே ஒரு வரி அதிகாரியும் கண்ணுக்குப் புலப்படாமல் நின்றுகொண்டிருக்கிறார் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால், பின்னால் வரப்போகிற இன்ஜின் விவகாரங்கள் யாவும் தெளிவாக விளங்கும்.

இன்ஜின்கள்: மூன்றில் தொடங்கி இரண்டில் நின்ற கதை

2020-இல் இந்தக் கார் வந்தபோது வாங்குபவர் முன் மூன்று இன்ஜின்கள் இருந்தன. முதலாவது, நாலு சிலிண்டர் கொண்ட 1,197 சி.சி. பெட்ரோல் இன்ஜின், மானுவல் கியரோடு 83 குதிரைசக்தியும் ஏறத்தாழ 115 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவது. இரண்டாவது, மூன்று சிலிண்டரும் டர்போவும் கொண்ட 998 சி.சி. பெட்ரோல் இன்ஜின்; 120 குதிரைசக்தி, 172 நியூட்டன் மீட்டர். மூன்றாவது, 1,493 சி.சி. டீசல், 100 குதிரைசக்தியும் 240 நியூட்டன் மீட்டரும், அவற்றோடு ஆறு கியர்களும் உடையது. மூன்றுமே மேலே சொன்ன வரிக்கோட்டுக்கு உட்பட்டவை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றுள் என் அளவுகோலுக்கு மிகவும் பொருந்திய இன்ஜின் எதுவோ, அதுவே இன்று இல்லாமற் போயிற்று. பாரம் ஏற்றிய வண்டிக்கு வேண்டியது உச்ச வேகத்தில் கிடைக்கிற குதிரைசக்தியைவிடக் குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கிற முறுக்குவிசை. டீசலில் அந்த 240 நியூட்டன் மீட்டர் 1,500 சுழற்சியிலேயே கைக்கு வந்துவிடும்; ஐந்து பேரோடு மேம்பாலத்தில் ஏறினாலும் கியரை மாற்ற வேண்டும் என்ற நினைவே எழாது. போதாக்குறைக்கு, லிட்டருக்கு 25.2 கிலோமீட்டர் என்ற நிறுவனத்தின் சான்றளிக்கப்பட்ட கணக்கு வேறு. ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாடும், 2023 ஏப்ரலில் ஆய்வுக்கூடத்தோடு நில்லாமல் நிஜச் சாலையிலும் புகையை அளக்க வேண்டும் என்ற அதன் இரண்டாம் கட்டமும் வந்தபோது, டீசல் புகையைச் சுத்திகரிக்கிற சாதனங்களின் விலையைச் சிறு கார்களின் விலையில் அடக்குவது சிரமமாயிற்று. அந்த ஆண்டிலேயே ஐ20-இன் டீசல் விடைபெற்றது. நகரத்துக் காற்றுக்கு அது நல்லது. நாமக்கல்லிலும் தேனியிலும் இருந்துகொண்டு மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வியாபாரிக்கு அது நஷ்டம். இரண்டும் உண்மையே.

எஞ்சியிருப்பவை இரண்டு. 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் குணம் சாந்தம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது இன்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாலு சிலிண்டர்களுக்கே உரிய சமநிலை அது. இந்த விலையில் மூன்று சிலிண்டர் இன்ஜின்கள் பெருகிவரும் காலத்தில் அது ஒரு பாக்கியம் என்றே கருதுகிறேன். கிளட்ச் மிருதுவாக இருக்கிறது. ஐந்து கியர்களும் மறுப்பில்லாமல் விழுகின்றன. ஒருவரோ இருவரோ அமர்ந்து, நகரத்துக்குள் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய் வருவதற்கு இதைவிட வேறொன்றும் வேண்டியதில்லை.

ஐந்து பேர் ஏறிய பிறகு நிலைமை மாறுகிறது. இந்த இன்ஜினின் உச்ச முறுக்குவிசை 4,200 சுழற்சியில்தான் பிறக்கிறது. ஆகவே நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கையில், முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமானால் ஐந்தாம் கியரிலேயே ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டு காத்திருப்பதில் பிரயோஜனமில்லை. நாலுக்கு, சில சமயம் மூன்றுக்கே இறங்கி, இன்ஜினைச் சற்று இரைய விட்டுத்தான் தாண்ட வேண்டும். இதைக் குறையென்று சொல்லமாட்டேன். இந்த அளவு இன்ஜினின் சுபாவம் என்று சொல்வேன். எதிரே வண்டி வராத நாலு வழிச் சாலைகளில் இது ஒரு பொருட்டேயன்று. ஆனால் எதிர்ப்பக்கத்து வாகனங்களைக் கணித்துத் தாண்ட வேண்டிய இரு வழிச் சாலைகளில், அந்தப் பொறுமை ஓட்டுநரிடம் இருந்தே தீர வேண்டும்.

மலைப்பாதையில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைக் காட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் தான் உறிஞ்சுகிற காற்றுக்குத் தக்கபடியே சக்தி தருமாதலால், மேட்டுப்பாளையத்தில் 83 குதிரைசக்தியோடு புறப்பட்ட வண்டி, உதகைக்குப் போய்ச் சேரும்போது ஏறத்தாழ 66 குதிரைசக்தி வண்டியாகிவிடுகிறது. பாரம் மட்டும் குறைவதில்லை. டர்போ இன்ஜினோ காற்றைத் தானே அழுத்தி உள்ளே செலுத்துவதால் இந்த நஷ்டத்தைப் பெருமளவு ஈடுசெய்துகொள்கிறது.

அந்த டர்போ இன்ஜின் இப்போது என் லைன் என்ற தனி ரகத்துக்கு மட்டுமே உரிமையாகிவிட்டது. அதன் 172 நியூட்டன் மீட்டர் 1,500 முதல் 4,000 சுழற்சி வரை சமதளமாக விரிந்திருப்பதுதான் அதன் விசேஷம். 1,500-க்குக் கீழே ஒரு கணம் யோசிக்கிறது. அதைத் தாண்டிவிட்டாலோ பின்னிருக்கையில் மூவர் இருப்பதையே மறந்ததுபோல் விரைகிறது. மூன்று சிலிண்டரின் மெல்லிய அதிர்வு நின்றிருக்கும்போது ஸ்டீயரிங்கில் தெரியும். ஓட ஆரம்பித்தபின் தெரியாது. விளையாட்டுப் பிரியரான இளைஞருக்கான இன்ஜின் என்றே இதை விளம்பரப்படுத்துகிறார்கள். என் அபிப்பிராயத்தில், முழுக் குடும்பத்தோடு அடிக்கடி நீண்ட பிரயாணம் செய்கிற நடுத்தர வயதினருக்கே இது அதிகம் தேவைப்படுகிறது.

கியர் வகைகளும் மைலேஜும்

ஆட்டோமேட்டிக் வேண்டுவோருக்கு இரண்டு வழிகள். 1.2 இன்ஜினோடு ஐ.வி.டி. என்ற பெயரில் வருவது சி.வி.டி. ஜாதியைச் சேர்ந்தது; தனித்தனிக் கியர்கள் இல்லாமல், விட்டம் மாறும் கப்பிகளுக்கிடையே ஓடுகிற பட்டையினால் விகிதத்தைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே போவது. இதனோடு இணையும்போது இன்ஜின் 88 குதிரைசக்தி தருகிறது. நகரத்து நெரிசலில் இதைப்போல் சுகமானது வேறில்லை: குலுக்கல் இல்லை, தயக்கமில்லை. அவசரமாக மிதித்தால் மட்டும் இன்ஜின் முன்னே இரைந்துகொண்டு போக, வேகம் பின்னே ஆற அமர வந்து சேரும். டர்போவோடு வருவது இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர் பெட்டி. நெடுஞ்சாலையில் அது கியர் மாற்றுகிற லாகவம் பிரமிக்கத் தக்கது. ஆனால் உலர் கிளட்ச் அமைப்பாதலால், ஊர்ந்து ஊர்ந்து நகரும் நெரிசலிலும் மேட்டிலும் ஆக்சிலரேட்டரைக் கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற வழக்கத்தைக் கைவிட்டு, பிரேக்கை மிதித்து நிறுத்திப் பழக வேண்டும். இல்லாவிடில் கிளட்ச் சூடேறும்.

தொடக்கத்தில் டர்போவோடு, கிளட்ச் மிதி இல்லாமல் கியர்த்தண்டு மட்டும் கொண்ட ஐ.எம்.டி. என்றோர் ஏற்பாடும் இருந்தது. 2023-இல் அதைக் கைவிட்டு, சாதாரண ஆறு கியர் மானுவலை வைத்தார்கள். புதுமைகள் எல்லாம் நிலைப்பதில்லை. இந்தப் புதுமை மறைந்ததில் எனக்கு வருத்தமுமில்லை.

மைலேஜைப் பற்றிக் கேட்காமல் நம் ஊரில் கார் சம்பாஷணை பூர்த்தியாவதில்லை. 2020-இல் 1.2 மானுவலுக்கு லிட்டருக்கு 20.35 என்றும், ஐ.வி.டி.க்கு 19.65 என்றும் சான்றளிக்கப்பட்ட எண்கள். இவை குறிப்பிட்ட வேக அட்டவணைப்படி ஆய்வுக்கூடத்து உருளைகளின் மேல் ஓட்டி அளந்தவை. ஏ.சி.யும் ஐந்து பேரும் வேகத்தடைகளும் சேர்கிற நிஜ வாழ்க்கையில் நெரிசலான நகரத்துக்குள் 12, 13 என்றும், நிதானமான நெடுஞ்சாலையில் 17, 18 என்றும் எதிர்பார்ப்பதே விவேகம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதையும் நினைவில் கொள்ள வேண்டும். எத்தனாலில் அடங்கிய சக்தி பெட்ரோலைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாகையால், ஒரு லிட்டரில் போகும் தூரமும் சற்றுக் குறையவே செய்யும். டேங்கின் கொள்ளளவு 37 லிட்டர்தான். சென்னையில் நிரப்பிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போகிறவர் வழியில் ஒரு பங்க்கைக் கண்டுகொள்வது உத்தமம்.

வளைவிலும் மேடுபள்ளத்திலும்

ஐ20 என்ற பெயர் உலக ராலி பந்தயங்களில் பிரசித்தமானது. 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உற்பத்தியாளருக்கான உலகப் பட்டத்தை ஹூண்டாய் வென்றது இந்தப் பெயர் தாங்கிய காரைக் கொண்டுதான். அந்தக் காருக்கும் நம் வீட்டு வாசலில் நிற்பதற்கும் உள்ள உறவு பெயரளவில்தான் என்பதை, ஆர்வமிகுந்த வாலிபர்களின் பெற்றோருடைய நிம்மதிக்காகச் சொல்லி வைக்கிறேன்.

சாதாரண ஐ20-இன் ஸ்டீயரிங் விரல் நுனியில் திரும்புகிறது. சந்துகளில் திருப்பி நிறுத்துவதற்கும், வயதானவர்களும் புதிதாக ஓட்டக் கற்றவர்களும் கையாளுவதற்கும் அது பெரிய சௌகரியம். அதே இலகு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குறையாகத் தோன்றுகிறது. முன்சக்கரங்கள் சாலையில் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்ற சமாசாரம் கைக்கு முழுமையாக எட்டுவதில்லை. ஆனால் வண்டி தடுமாறுகிறதா என்றால், இல்லை. 2,580 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியும் தாராளமான அகலமும் சேர்ந்து, நேர்ச்சாலையில் அதை ஊன்றி நிற்க வைக்கின்றன. முதல் தலைமுறையை வேகமாக ஓட்டியவர்களுக்கு இந்த முன்னேற்றம் எவ்வளவு பெரிதென்று தெரியும்.

பின்சக்கரங்களைத் தாங்குவது, இந்த வகுப்பில் வழக்கமான முறுக்குத் தண்டு அமைப்பு. ஒருவர் மட்டும் ஓட்டும்போது, கூர்மையான பள்ளங்களில் பின்புறம் சற்று உதைப்பதுபோல் இருக்கும். நால்வர் ஏறியபின் அதே ஸ்பிரிங்குகள் தணிந்து, பிரயாணம் மெத்தென்றாகிவிடுகிறது. பாரத்தை உத்தேசித்தே பின்புறத்தைச் சமைத்திருக்கிறார்கள் என்பது இதனால் விளங்கும். அதற்குரிய விலை, முழுப் பாரத்தோடு உயரமான வேகத்தடைகளைக் கடக்கும்போது தெரிகிறது. ஊராட்சிச் சாலைகளில் அவரவர் இஷ்டப்படி கட்டி வைத்திருக்கும் தடைகளின் மேல் சற்றுக் குறுக்காகவும் மிக மெதுவாகவும் ஏறி இறங்கினாலொழிய அடிவயிறு உரசும் அபாயம் உண்டு.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஒரு குடும்பக் காருக்கு வைக்கத் தக்க சரியான பரீட்சை. அங்கே வேகத்துக்கு இடமில்லை. இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து, நின்றுவிடாமல் மேலேற வேண்டும். பாரம் ஏற்றிய 1.2 இன்ஜின் பல வளைவுகளில் முதல் கியரைக் கேட்கிறது, ஏ.சி.யை அணைத்தால் நன்றி செலுத்துகிறது. உடல் சாய்வு இருக்கிறது, ஆனால் படிப்படியாக, முன்னறிவிப்போடு சாய்கிறது. பின்னிருக்கையில் இருப்பவர்களுக்குத் தலைசுற்றல் வராமலிருக்க அந்த ஒழுங்கே முக்கியம். இறங்கும்போது ஐ.வி.டி.யைத் தானாக ஓட விடாமல், தாழ்ந்த விகிதத்தில் நிறுத்தி இன்ஜினின் பிடிப்பைப் பயன்படுத்த வேண்டும்.

என் லைன் இந்த விஷயத்தில் வேறொரு வண்டி. அதன் ஸ்டீயரிங்குக்குக் கனம் சேர்த்து, சஸ்பென்ஷனை இறுக்கி, நாலு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்து, புகைக்குழாய்க்கு ஓர் உறுமலையும் அருளியிருக்கிறார்கள். ஓட்டுகிறவருக்கு ஆனந்தம், பின்னால் இருக்கிற பெரியவர்களுக்கு மோசமான சாலையில் அந்த இறுக்கம் முதுகில் தெரியும். உறுமலை மன்னிக்கலாம், நாலு டிஸ்க் பிரேக்கையும் கனமான ஸ்டீயரிங்கையும் சாதாரண ரகங்களுக்கும் கொடுத்திருந்தால் இந்தப் பகுதியைப் பாராட்டோடு முடித்திருப்பேன்.

உள்ளே என்ன இருக்கிறது

இடவசதியில் இந்தக் காரின் பலம் அகலம். 1,775 மில்லிமீட்டர் என்பது போட்டிக் கார்களான பலேனோவின் 1,745-ஐயும் அல்ட்ரோஸின் 1,755-ஐயும் விஞ்சியது. இருபது, முப்பது மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று எண்ணலாம். கல்யாணத்துக்குப் பட்டுப் புடவையோடு மூன்று பெண்மணிகள் பின்னிருக்கையில் அமரும்போது அதன் மகத்துவம் தெரியும். தொடைக்கு ஆதாரம் போதுமானது. முழங்காலுக்கு இடம் உண்டு. பின்னிருக்கைக்குத் தனியாக ஏ.சி. துவாரங்கள் வருவது நம் சீதோஷ்ணத்தில் ஆடம்பரமன்று, அவசியம். கண்ணாடி ஜன்னலின் கீழ்விளிம்பு பின்னோக்கி உயர்ந்துகொண்டே போவதால், சிறு குழந்தைகளுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பது சிரமம். இது அழகுக்காகச் செய்த தியாகம், தியாகம் செய்தவர்கள் குழந்தைகள்.

டிக்கி 311 லிட்டர். பலேனோவுக்கு 318, அல்ட்ரோஸுக்கு 345 என்பதை நோக்க இது சற்றுக் குறைவே. இரண்டு பெரிய பெட்டிகளும் இரண்டு பைகளும் அடங்கும். அதற்குமேல் ஊரிலிருந்து தேங்காயும் அரிசியும் கொடுத்தனுப்பும் உறவினர் வாய்த்தவர்கள், முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

சாதனங்களின் பட்டியல் நீளமானது. உயர்ந்த ரகங்களில் 10.25 அங்குலத் தொடுதிரை, போஸ் நிறுவனத்தின் ஏழு ஒலிபெருக்கிகள், கம்பியில்லாமல் போனுக்கு மின்னேற்றும் தட்டு, மின்சார சன்ரூஃப், கைபேசியிலிருந்தே காரின் நிலையை அறியும் ப்ளூலிங்க் இணைப்பு ஆகியவை கிடைக்கின்றன. இவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் என் அளவுகோலில் நிறுத்திப் பார்த்தால் தராதரம் விளங்கும். பின்புறக் கேமரா, பின்னிருக்கை ஏ.சி., உயரத்தை மாற்றத் தக்க ஓட்டுநர் இருக்கை, வேகத்தை ஒரே நிலையில் வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல்: இவை தினந்தோறும் பயன்படுபவை. சன்ரூஃப்போ நம் வெயிலில் வருஷத்தில் பெரும்பகுதி திரையால் மூடப்பட்டே இருக்கும். திறந்திருக்கும் அபூர்வ சமயங்களில் குழந்தைகள் அதன் வழியே தலையை நீட்டி நிற்பது, உயிரோடு விளையாடுகிற காரியம். அதற்காக ஒரு படி மேலான ரகத்தை வாங்குகிறவர்கள், அதே பணத்தில் என்னென்ன கிடைத்திருக்கும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

பாதுகாப்பு

இந்தத் தலைப்பை ஏட்டளவில் முடித்துவிட எனக்கு மனமில்லை. 2022-இல் குளோபல் என்கேப் அமைப்பு, இரண்டே ஏர்பேக் கொண்ட அன்றைய ஐ20-ஐ மோதிச் சோதித்து, பெரியவர்களுக்கு 3 நட்சத்திரமும் குழந்தைகளுக்கு 3 நட்சத்திரமும் அளித்தது. 2020 ஜனவரியிலேயே அல்ட்ரோஸ் பெரியவர்களுக்கான பகுதியில் 5 நட்சத்திரம் வாங்கியிருந்ததை நினைத்தால், இது பெருமைப்படத் தக்க மதிப்பெண் அன்று. அதன்பின் 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆறு ஏர்பேக்குகளையும், வண்டி சறுக்காமல் தடுக்கும் இ.எஸ்.சி.யையும், ஐந்து இருக்கைகளுக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டையும் அடிமட்ட ரகத்திலிருந்தே கொடுத்துவிட்டார்கள். ஏர்பேக் வேண்டுமானால் சன்ரூஃப்பையும் சேர்த்து வாங்கு என்ற பழைய வியாபார தந்திரம் இதனால் ஒழிந்தது, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஏர்பேக்குகளின் எண்ணிக்கை வேறு, மோதலைத் தாங்கும் உடற்கட்டு வேறு. முன்னது கூடியதால் பின்னதும் கூடிவிட்டது என்று நாமாக அனுமானித்துக்கொள்ளலாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்னிருக்கை நடுப்பெல்ட்டை இருக்கைக்கடியில் திணித்து வைப்பது நம்மவர் வழக்கம். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது, பெல்ட் அணியாத பின்னிருக்கைக்காரர் முன்னிருக்கைக்காரரின் மேல்தான் போய் விழுகிறார். எத்தனை ஏர்பேக் இருந்தாலும் அதற்குப் பரிகாரமில்லை.

பக்கத்துக் கடைகள்

போக்ஸ்வேகன் போலோ 2022-இலும் ஹோண்டா ஜாஸ் அதையடுத்தும் இந்தியச் சந்தையை விட்டு நீங்கியபின், இந்த வகுப்பில் போட்டி சுருங்கிவிட்டது. மாருதி பலேனோவும், அதன் உடன்பிறப்பான டொயோட்டா கிளான்ஸாவும் 1.2 இன்ஜினில் 90 குதிரைசக்தி தருகின்றன. எடையும் குறைவு, மைலேஜும் மேல், சி.என்.ஜி.யும் உண்டு, ஆட்டோமேட்டிக் மட்டும் ஏ.எம்.டி. வகையாதலால் ஐ.வி.டி.யின் மிருதுத்தன்மை அதில் இல்லை. டாடா அல்ட்ரோஸில் கட்டுமானமும் டிக்கியும் சிறப்பு. 90 டிகிரி வரை திறக்கும் கதவுகள் முதியவர்களுக்கு வரப்பிரசாதம். டீசல் இன்னும் கிடைக்கிற ஒரே ஹேட்ச்பேக்கும் அதுவே. அதன் பெட்ரோல் இன்ஜின் மூன்று சிலிண்டர் கொண்டது. ஐ20-இன் அமைதியை அதனிடம் எதிர்பார்க்கலாகாது.

என் தீர்ப்பு

மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர்களுக்கும், பெரும்பாலும் நகரத்திலேயே இருந்துகொண்டு வருஷத்தில் சில முறை முழுக் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கும், 1.2 மானுவலின் நடுத்தர ரகமே போதும்; நெரிசலில் கால் வலிப்பவர்கள் அதே ரகத்தில் ஐ.வி.டி.யை வாங்கலாம். அடிக்கடி ஐந்து பேரோடு நெடும்பயணமோ மலைப் பயணமோ செய்கிறவர்கள், உச்ச ரகத்து 1.2-க்குக் கொடுக்கவிருந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, என் லைனின் டர்போவை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். திரையும் கூரை ஜன்னலும் பாரத்தை இழுக்க மாட்டா. நிறைய ஓடி, டீசலே வேண்டுமென்பவர்கள் அல்ட்ரோஸையும், எரிபொருள் செலவே பிரதானம் என்பவர்கள் பலேனோவையும் பார்ப்பது நலம். பாதுகாப்பை மற்றெல்லாவற்றுக்கும் மேலாக வைப்பவர்கள், திருத்தப்பட்ட ஐ20 மோதல் சோதனைக்கு உட்பட்டு மதிப்பெண் பெறும்வரை காத்திருந்தாலும் அதில் தவறில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஷோரூமுக்கு டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரையும் அழைத்துப் போங்கள், ஏ.சி.யை முழுமையாக வையுங்கள். விற்பனையாளர் காட்டுகிற வழவழப்பான சாலையை விட்டு, ஒரு மேம்பாலமும் இரண்டு வேகத்தடைகளும் ஒரு குறுகிய தெருவும் உள்ள பாதையைக் கேளுங்கள். பாதி வழியில் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கி, பின்னிருக்கையின் நடுவில் நீங்களே கொஞ்ச தூரம் உட்கார்ந்து வாருங்கள். முன்பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு தீர்மானியுங்கள்.